ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு பழைய நூறு சிசி வண்டியும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் கியர் போட்ட மோட்டார் சைக்கிளில் வந்து போகிறேன். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் கட்டிங்கிலிருந்தும் செக்கிங்கிலிருந்தும் தம்பிகளும் தங்கைகளும் என் மேசைக்கு வந்து கேட்பார்கள்: “அக்கா, கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது. எந்த வண்டி எடுக்கலாம்?”

ஐம்பதாயிரம் இருந்தால் பழைய நூறு சிசி வண்டியாகப் பார், அதற்கு 35,000 ரூபாய்க்கு மேல் போகாதே என்றுதான் நான் ஆரம்பிப்பேன். மீதிப் பதினைந்தாயிரம் தலைக்கவசத்துக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் காகிதங்களுக்கும் உரியது. பணம் போதாதபோது எல்லோரும் முதலில் கை வைப்பது இந்தப் பதினைந்தாயிரத்தில்தான். டேங்கின் பளபளப்புக்காகப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, வழுக்கையாகிப்போன டயரோடு வீட்டுக்கு ஓட்டிவரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. வண்டியின் வயதில் விட்டுக்கொடுக்கலாம், நிறத்தில் விட்டுக்கொடுக்கலாம், பெயரையும் விட்டுக்கொடுக்கலாம். ஓடுகிற வண்டி நிற்பதற்கு ஆகும் செலவில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது.

குறைந்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசைக்குக் கொங்கு நாட்டில் நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. சூலூர் அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டினார். பிறகு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதும், கோவையில் தொழில்கள் தொடங்கியதும் ஊரறிந்த வரலாறு. அவர் பிரித்துப் பார்த்தார் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. பழைய வண்டி வாங்குகிறவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் இருக்கலாம். எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் மட்டும் கட்டாயம் வேண்டும்.

ஏன் புது வண்டி வேண்டாம்? 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் சாலை வரி, பதிவு, ஐந்தாண்டுக் காப்பீடு எல்லாம் சேர்ந்த பிறகு சாதாரண நூறு சிசி வண்டியும் ஐம்பதாயிரத்துக்குள் வராது. மிச்சத்துக்குத் தவணை கட்ட வேண்டும். தவணை கட்டுகிறவர் புது டயர் வாங்கத் தயங்குவார். இன்னொரு காரணமும் உண்டு. கற்றுக்கொள்ளும் காலத்தில் வண்டி ஒரு முறையாவது கீழே சாயும். வாசலில் திருப்பும்போதோ, சரளைக்கல்லில் நிறுத்தும்போதோ கட்டாயம் சாயும். ஏற்கெனவே கீறல் விழுந்த வண்டி என்றால், எழுப்பி நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டத் தொடங்கிவிடலாம்.

சாய்ந்ததைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பதால் எடையும் முக்கியம். நூறு சிசி ஹீரோ ஸ்ப்ளெண்டர் ஏறத்தாழ 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. முதல் வண்டியாகப் பெரிய வண்டியை எடுக்கிறவர்கள் சாலையைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் எடையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். செலவும் அப்படித்தான் ஏறும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 75 முதல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 1,366 ரூபாய். வரி தனி.

ஸ்கூட்டரைப் பற்றியும் கேட்பார்கள். கோவை, திருப்பூர் நகருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு அது நல்ல வண்டி. எங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகளில் பெயர்ந்த தாரும் குழியும் அதிகம். பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் இறங்கி இடிக்கும் குழியைப் பதினெட்டு அங்குலச் சக்கரம் எளிதாகக் கடந்துவிடும். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுக்கு எப்போதும் என் மரியாதை உண்டு. பால்கேன், தீவனமூட்டை, தேங்காய்ச் சாக்கு என்று கொங்கு நாட்டுத் தோட்டங்களின் பாதிப் பாரத்தை அதுதானே சுமக்கிறது! தோட்டத்துக்கும் சொசைட்டிக்கும் மட்டும் போய்வருகிறவருக்கு அதுவே போதும்.

இனி வாங்கும் கதை. எங்கள் பகுதியில் பழைய வண்டிகள் பெரும்பாலும் ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் நிற்கும். கழுவி, மெழுகு போட்டு, சீட்டுக்குப் புது உறை மாட்டி வைத்திருப்பார்கள். அங்கே வாங்குவதில் தவறில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில், ஒரே கையில் ஓடிய வண்டி கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. யார் ஓட்டினார், எந்த மெக்கானிக்கிடம் விட்டார், எங்கேயாவது மோதியதா என்று நாலு பேரிடம் விசாரித்துவிடலாம்.

எனக்கு வண்டி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் பல்லடம் சாலையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். “அம்மணி, என்ஜின் சூடேறுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓட்டி வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்” என்றார். காரணத்தையும் விளக்கினார். ஆறிக் கிடக்கும் என்ஜின்தான் உண்மை பேசும். சூடான வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிடும், உள்ளே இருக்கும் சத்தமும் அடங்கிவிடும். ஆகவே போனதும் சாவியைக் கேட்பதற்கு முன் என்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். என்ஜின் வேலை காத்திருக்கிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். குளிர்ந்த காலையில் முதலில் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் அது ஈரம்தான்.

பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, ஹேண்டில்பாரை இரு விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் சிக்கி நின்றால் ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் புஷ், பேரிங் நிலைமை தெரியும். பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லை விட்டு நன்றாக எழும்பினால் செயின் செட் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் கசிந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் சேஸிஸ், அதாவது வண்டியின் சட்டகம், வளைந்திருக்கலாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் நன்றாகத் தெரிந்தாலும், அவ்வளவு பழைய ரப்பர் வெயிலில் இறுகி வெடித்திருக்கும், ஈரச்சாலையில் பிடிக்காது. வாங்கிய வாரமே இரண்டு டயரையும் மாற்றிவிடுங்கள் என்பேன். மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டியில் கால்வைக்கும் ரப்பரும் பிரேக் பெடலும் மழுங்கித் தேய்ந்திருந்தால், மீட்டரை நம்பாதீர்கள்.

எந்த ஆண்டு வண்டி? 2019 ஏப்ரலிலிருந்து விற்ற புது வண்டிகளில், 125 சிசி வரை இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் அமைப்பும், அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. கார்புரேட்டர் வண்டியை எந்த ஊர் முக்கிலும் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள்; இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் கெட்டால் கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். கையில் காசு குறைவு என்றால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்த ஆண்டிலேயே வந்த வண்டியாகத் தேடுங்கள். கார்புரேட்டரும் இருக்கும், சேர்ந்து பிடிக்கும் பிரேக்கும் இருக்கும்.

காகிதம் பார்க்க அலுப்புப்படாதீர்கள். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் கடன் நிலுவையும் காப்பீடும் பதிவுக் காலமும் தெரியும். ஃபைனான்ஸ் அடைத்திருந்தாலும் ஆர்.சி.யில் அது நீங்காமல் இருந்தால், படிவம் 35-ம் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் விற்பவர் வாங்கித் தர வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்.

பெயர் மாற்றாமல் வெறும் கையெழுத்துப் படிவத்தோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டும் வழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. விற்பவருக்கும் இது பெரிய ஆபத்து. விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டைப் பலர் எடுக்காமலே இருக்கிறார்கள். கூலிக்குப் போகிற வீட்டில் சம்பாதிக்கும் ஒருவர் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு என்ன இருக்கிறது? தயவுசெய்து எடுங்கள்.

தலைக்கவசத்துக்கு வருவோம். ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஐஎஸ் 4151 தரத்தில் உள்ளதை மட்டும் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். முகத்தையும் தாடையையும் மூடும் முழுக்கவசம்தான் வேண்டும். கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும். தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக் கூடாது. வாரைப் பூட்டிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல கவசமே கிடைக்கிறது. வேறொருவர் போட்டதை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. பின்னால் உட்காருகிறவருக்கும் கவசம் சட்டப்படி கட்டாயம். பெண்களுக்கு ஒரு வார்த்தை. துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள். அம்மாவையோ அத்தையையோ சேலையோடு ஏற்றிச்செல்வதாக இருந்தால், பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கம்பி பழைய வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகப் பல பிள்ளைகள் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் எடுத்த 30 நாட்களுக்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அதுவரை சிவப்பில் எல் எழுத்து, பின்சீட்டில் உரிமம் உள்ள பயிற்றுநரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. கியர் வண்டிக்கு 18 வயது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தும் என்று 2019-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுக்கக் கூடாது.

ஓட்டிப் பழகச் சிறந்த இடம், வீட்டுமனை போட்டுத் தார்ச்சாலையும் அமைத்து இன்னும் வீடு எழும்பாத லே-அவுட்டுகள். அவிநாசியிலிருந்து சூலூர் வரை எத்தனையோ கிடக்கின்றன. ஞாயிறு காலையில் போனால் ஆளே இருக்காது. உரிமையாளரிடமோ காவலாளியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி நகரத் தொடங்கும் புள்ளியைக் கை கண்டுபிடிக்கும்வரை அதையே செய்யுங்கள். அடுத்தது நடை வேகத்தில் ஓட்டுவது. வேகமாகப் போக யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மெதுவாகப் போகத்தான் பயிற்சி வேண்டும். தேர்வில் எட்டு போடுவதற்கும் இதுவே அடிப்படை. பாதிக் கிளட்ச், பின்பிரேக்கில் காலின் லேசான அழுத்தம், ஆக்ஸிலரேட்டர் ஒரே அளவு. முன்சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தைப் பாருங்கள். பார்வை போகும் பக்கம் வண்டி போகும்.

முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் உயிரை வாங்கும் அறிவுரை. வேகம் குறையும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை மட்டும் அழுத்தினால் அது சுழலாமல் வழுக்கும், வண்டி நிற்காது. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்பிரேக்கிலிருந்துதான் வருகிறது. அதை வெடுக்கென்று பிடிப்பதுதான் தவறு. முதலில் மெதுவாக, பாரம் முன்னால் இறங்கியதும் அழுத்தமாக, கூடவே பின்பிரேக். உலர்ந்த நேர்ச்சாலையில் 20, 30, 40 என்று வேகத்தை ஏற்றி இதைப் பழகுங்கள். மணலிலும் சரளையிலும் முன்பிரேக்கை மென்மையாகத் தொடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறோம். நாய் குறுக்கே வருவதைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த நொடி முடிந்துவிடும்.

நாய் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊர்களில் மயிலும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் வேலியோரத்திலிருந்து தாழப் பறந்து, சரியாகத் தலை உயரத்தில் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பார்த்து வேகத்தைக் குறைத்தே போங்கள்.

இங்கே புதிதாக ஓட்டுகிறவர் தனியாகக் கற்க வேண்டிய பாடம் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகக் குவிந்து வந்து கோவை, பல்லடம், உடுமலை வரை அடிக்கிறது. இந்தப் பகுதியில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். ஆனி, ஆடி மாதங்களில் 112 கிலோ வண்டியை அது பக்கவாட்டில் தள்ளிவிடும். கோவையிலிருந்து பல்லடத்துக்கு வரும்போது முதுகில் அடிக்கும், தொந்தரவு இல்லை. பல்லடத்திலிருந்து உடுமலைக்குத் தெற்கே இறங்கும்போது வலது விலாவில் மோதும். அப்போது பலர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இறுக்கிய கை உடம்பின் ஒவ்வோர் அசைவையும் சக்கரத்துக்குக் கடத்துவதால் வண்டி மேலும் தள்ளாடும். முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடித்து, கையைத் தளர்த்தி, வேகத்தை 40-க்குக் குறைத்தால் வண்டி தானே காற்றின் பக்கம் லேசாகச் சாய்ந்து நேராகப் போகும். லாரி மறைத்திருக்கும்போது காற்று நின்றதுபோல் இருக்கும், லாரி விலகியதும் ஒரே அடியாக அறையும். கறிக்கோழிக் கூண்டு ஏற்றிய வண்டிகளும் நூல் மூட்டை லாரிகளும் ஓயாமல் ஓடும் சாலை அது. முந்தும்போது பக்கத்தில் நிறைய இடம் விடுங்கள். இடமில்லை என்றால் முந்தாதீர்கள்.

மலைக்கு எப்போது போகலாம் என்று எல்லோருக்கும் அவசரம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு இறங்குவதை நான் கண்டால் நிறுத்திச் சொல்லிவிடுவேன். கியரில் ஓடும் என்ஜின் வேகத்தை இழுத்துப் பிடிக்காமல் டிரம் பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். கொண்டை ஊசியில் பஸ் திரும்ப முழுச்சாலையும் வேண்டும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். சமதளச் சாலையில் ஒரு முழு மழைக்காலம் ஓட்டிய பிறகு மலைக்குப் போவதுதான் சரி என்பது என் கருத்து.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. வாரம் ஒருமுறை ஆறிய டயரில் காற்று, செயினைத் துடைத்து ஆயில், செயினின் தளர்வு பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர். என்ஜின் ஆயிலை மட்டும் நாள் தள்ளாமல் மாற்றுங்கள். ஒரு லிட்டர் அளவுதான் ஆகும், அதைச் சேமிக்கப் போனால் என்ஜினே போய்விடும்.

அந்தப் பதினைந்தாயிரத்தில் மூன்றாயிரத்தைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்வேன். பழைய வண்டி முதல் மூன்று மாதத்தில் பேட்டரியோ கிளட்ச் கேபிளோ டியூபோ கேட்கும். ஐப்பசி பிறக்கும்போதும் அதில் மிச்சம் இருந்தால் மழைச்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மேலுக்கும் காலுக்கும் தனித்தனியாக உள்ளதாக, பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். போர்வைபோல் போர்த்திக்கொள்ளும் ரகம் காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சிக்கும்.